நாற்பத்தேழாம் பக்கத்துத் தண்ணீர்

ஃப்ளோரன்ஸ் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து கடல் தண்ணீர் வந்தது. தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. முதலில் எழுத்துகளுக்கு நடுவே வியர்த்தது, பிறகு ஓரத்தில் சொட்டியது, கோயிலில் சிலுவைப்பாதைக்கு மணி அடிப்பதற்குள் சிமெண்டுத் தரை முழுக்க நனைந்துவிட்டது. மறுநாள் தண்ணீர் ஆபீசிலிருந்து வந்த இருவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். உப்புக் கரித்ததால் இது தங்கள் குழாய் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காசிமேட்டில் அந்த வாரம் இறால் கிலோ முந்நூற்று எண்பதுக்கு விற்றது.

புத்தகம் அவளுடைய மகன் நோயலுடையது. ராயபுரம் பாலத்தடியில் பழைய புத்தகம் குவித்து விற்பவரிடம் வாங்கி வந்தான். அட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் கிழிந்திருந்ததால் அதற்குப் பெயரும் இல்லை, எழுதியவரும் இல்லை. ஃபைபர் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நோயல், வலை காயும் நேரங்களில் அதைப் படித்தான். நாற்பத்தாறாம் பக்கத்தின் மூலையை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் கடலுக்குப் போனான். புயல் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே படகு கவிழ்ந்தது. உடன் போன இருவர் நீந்திக் கரையேறினார்கள். பன்னிரண்டாம் நாள் எர்ணாவூர்க் கரையில் கொட்டிவைத்த பாறைகளுக்கு நடுவே ஓர் உடல் ஒதுங்கியது. முகத்தை மீன்கள் எடுத்துக்கொண்டுவிட்டிருந்தன. கழுத்தில் உத்தரியம் இருந்தது, கயிற்றில் கோத்த இரண்டு பழுப்புத் துணித் துண்டு.

அந்தக் கரையில் கோயில் பிள்ளைகள் எல்லோருக்கும் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் உத்தரியம் போடுவார்கள். ராயபுரத்திலிருந்து காத்திவாக்கம் வரை எல்லாக் கழுத்துக்கும் ஒரே மடத்துக் கன்னியர்கள் தைத்தது. ஒரே துணி, ஒரே நூல். கடலுக்குப் போகிறவன் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டான். அதோடு சாகிறவனை அடுத்த சனிக்கிழமையே மாதா கைபிடித்து மோட்சத்துக்கு அழைத்துப் போவாள் என்பது நம்பிக்கை. முகமில்லாமல் வருகிறவனை உத்தரியத்தை வைத்து அடையாளம் சொல்வதும் வழக்கமாகிவிட்டிருந்தது. பிணவறையில் ஃப்ளோரன்ஸ் உத்தரியத்தையும் அது கிடந்த தோளையும் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். நோயலுக்குப் பன்னிரண்டு வயதில் நங்கூரம் விழுந்து வலது கால் சுண்டுவிரலில் நகம் போய்விட்டது, திரும்ப முளைக்கவே இல்லை. துணிக்கு வெளியே தெரிந்த கால்களில் பத்து நகமும் இருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் கரையில் உட்கார்ந்து அவளுக்குக் கண் எரிந்தது. "எம் புள்ளதான் சார்" என்றாள்.

அந்தப் பொய் இரண்டு வருடம் அவளைத் தாங்கியது. கல்லறையில் அவளுக்கென்று ஆறடி இருந்தது. திங்கள்தோறும் இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து நேராக அங்கே போய்ச் சிலுவையைத் துடைத்து, மெழுகுவத்தி ஏற்றி, "நோயலு, அம்மா வந்துகிறேன்பா" என்று சொல்லிவிட்டு வருவாள். உடல் கிடைக்காத வீட்டுப் பெண்கள் இன்னமும் கடற்கரையில் போய் நிற்பதைப் பார்க்கும்போது, தனக்காவது உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். ஒருநாளும் அங்கே அந்த நகங்களைப் பற்றி அவள் பேசியதில்லை.

தவக்காலத்தில் டிவி போடக் கூடாது என்பதால்தான் அவள் புத்தகத்தை எடுத்தாள். எட்டாவது வரை படித்தவள், விரல் வைத்து வரிவரியாகப் போனாள். அது ஒரு கதையாகவே இல்லை. ஒருத்தி செத்த புருசனின் இருமலை ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைக்கிறாள். ஒரு தையல்காரர் வீட்டில் இல்லாத பெண்ணுக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைக்கிறார், அதுவும் சரியாகப் பொருந்துகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கமாக்கள் மட்டும் இருந்தன. இன்னொரு பக்கத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். அதைப் படிக்கப் புத்தகத்தைத் திருப்பினால் அடுத்த பக்கம் தலைகீழாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா நைட்டி தைக்கும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னாடி கத இது? தலையும் இல்ல, வாலும் இல்ல. எழுதுனவனுக்கு ஜுரமா?"

"எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. ஆனா கீழ வெக்க மனசு வரல."

"அந்த இருமல் ஜாடிய மட்டும் இன்னொரு தபா படி" என்றாள் ரஹீமுன்னிசா. அவள் புருசன் ஆஸ்துமாவில் போனவர். ஃப்ளோரன்ஸ் மறுபடி படித்தாள்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் ஓர் ஊர் வந்தது. அங்கே சவக்குழிகளைத் துணிக்கடைபோல் மாட்டி வைத்து விற்கிறார்கள். ஒரு தாய் அவசரத்தில் அளவு பார்க்காமல் ஒன்றை வாங்கிப் போகிறாள். உள்ளே படுத்திருப்பவன் நல்ல பிள்ளை. அவள் கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்கிறான், பிறகு தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: இந்தப் பெயர் எனக்குத் தோளில் பிடிக்கிறது அம்மா. அந்த வரியிலிருந்துதான் தண்ணீர் வந்தது.

புத்தகத்தை மூடினால் தண்ணீர் நின்று வடிந்தது. திறந்தால் வந்தது. தண்ணீரோடு பொடி மீனும், அறுந்த நைலான் கண்ணியும், கொஞ்சம் பாசியும் வந்தன. பழைய புடவைகளைத் திரித்து வாசலில் அணை கட்டிய ரஹீமுன்னிசா, அதற்குத் தேவையே இல்லை என்று கண்டுகொண்டாள். ஃப்ளோரன்ஸ் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் வரவில்லை. "மூடி பரண்ல போடுடி, பேஜாரு புடிச்ச புஸ்தகம்" என்றாள். "அவன் பாதில வுட்டுட்டுப் போய்ட்டான்கா. யாராச்சும் முடிக்க வாணாமா?" என்றாள் ஃப்ளோரன்ஸ். கட்டிலின் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டு தினம் ஒரு பக்கம் படித்தாள். ஐம்பதாம் பக்கத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஐம்பத்திரண்டில் முழங்காலுக்கு வந்தது. அந்தத் திங்கட்கிழமை கல்லறைக்குப் போனவள், பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, முடியாமல், மெழுகுவத்தியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

குழியில் கிடப்பது யார் பிள்ளை என்று தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. காத்திவாக்கத்திலிருந்து கழிமுகத்து இறாலை அன்னக்கூடையில் கொண்டுவந்து கொட்டகையில் போடும் ஹில்டாவை எல்லோருக்கும் தெரியும். அவள் மகன் சைமன் அதே புயல் வாரத்தில் வேறொரு படகில் போனவன். அந்த வாரம் அந்தக் கரையில் திரும்பாதவர்கள் அவனும் நோயலும்தான். ஹில்டா பிணவறைப் பக்கமே போகவில்லை. படகு அந்தமானில் ஒதுங்கியிருக்கும், அங்கே எவனோ நல்ல சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டிருப்பான் என்று சொல்லிவந்தாள். பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால், "அந்தமான்ல கல்யாணமே ஆயிருக்கும், மாமியாருக்குப் பத்திரிக வரல" என்று சிரிப்பார்கள். ஃப்ளோரன்ஸும் ஒருமுறை சிரித்திருக்கிறாள். வாயைத் திறந்தால் தன் கல்லறை போய்விடும், ஹில்டாவின் அந்தமானும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரம் பேசாமல் இறால் உரித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமை காலை, கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த ஹில்டாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்ன அடிப்ப."

"அடிக்கறதுன்னா கைய தொடச்சிகினு வரேன், சொல்லு" என்றாள் ஹில்டா.

ஃப்ளோரன்ஸ் சொன்னாள். நகத்திலிருந்து ஆரம்பித்தாள். ஹில்டா குழாயை மூடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தோள்ல, எடது பக்கம், கஞ்சி கொட்டுன தழும்பு?"

"இருந்துச்சிக்கா."

ஹில்டா அடித்தாள். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அடித்தாள். பிறகு அதே கையால் ஃப்ளோரன்ஸின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருசமா எம் புள்ளைக்கு யாரு மெழுகுவத்தி வச்சது?" என்று கேட்டாள். "நாந்தான்." "திங்கக்கெழம ஒண்ணுகூட வுடலியா?" "வுடலக்கா." "அந்த நேரத்துல எல்லாம் நான் அவனுக்குச் சோறு எடுத்து வச்சிகினு இருந்தேண்டி" என்றாள் ஹில்டா.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் சிலுவையில் பெயரை மாற்றி எழுதினார்கள். பழைய பெயர் கறுப்பு பெயிண்டுக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது, பெயிண்டர் இன்னொரு கோட்டிங் அடித்தார். பங்குச் சாமியார் மரித்தோர் பதிவேட்டில் நோயலை அடித்துவிட்டு, எதில் எழுதுவதென்று தெரியாமல் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தார். கடற்கரையில் நிற்கும் பெண்களோடு ஃப்ளோரன்ஸும் போய் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து, மிச்சமிருந்த அறுபது பக்கத்தையும் ஒரே பகலில் படித்து முடித்தாள். கடைசிப் பக்கத்தில் முடிவு என்று எதுவும் இல்லை. ஒருத்தி கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான். இடுப்பளவு வந்த தண்ணீர் அதன்பிறகு புத்தகத்தை மூடினாலும் வடியவில்லை. நோயல் அதிலிருந்து எழுந்து வரவும் இல்லை. முதல் சில நாள் அவள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

இப்போது கட்டில் மேலே சங்கிலியில் தொங்குகிறது. கரண்ட் ஆபீஸ்காரர் ஸ்டூலில் ஏறி மீட்டர் பார்த்துவிட்டுப் போகிறார். ரஹீமுன்னிசா கருவாட்டுக்கு உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு வருகிறாள். வெளியே கடல் எப்படி இருக்கிறதோ வீட்டுக்குள்ளும் அப்படியே இருக்கிறது என்பதை முதலில் கவனித்தவர்கள் காசிமேட்டுப் படகுக்காரர்கள். விடிந்ததும் டீசல் கேனோடு போகிறவர்கள் அவள் வாசலில் நின்று, "ஃப்ளோராக்கா, இன்னிக்கு எப்டி கீது?" என்று கேட்கிறார்கள். அவள் படியில் உட்கார்ந்தபடி வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறாள். அலை சுவரில் மெதுவாகத் தட்டினால் போங்கள் என்கிறாள். பாத்திரங்கள் ஒரே மூலையில் போய் ஒதுங்கினால், "இன்னிக்கு வாணாம்பா, வூட்டுக்குப் போங்க" என்கிறாள். அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.