முதலாளி காருக்கு ஊற்றும் ஆயில்

ஏர்க்காட்டு ஒண்டிக்கடை முக்குக்குக் கீழே உள்ள கடைசி மேட்டில் வண்டி கத்தியது, நகரவில்லை. ராசாத்தி ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினாள். சத்தம்தான் ஏறியது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கிய அந்த பைக்கை ஒரு மாடு நிதானமாக முந்திப் போனது.

இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும்போல் கிளட்ச் லீவரின் மேல் இருந்தன. எடுத்துவிட்டு இறங்கித் தள்ளினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது பால் வண்டி சேலத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தது.

கொட்டச்சேட்டு ஊர்ப் பாலை இரண்டு வேளையும் ஏர்க்காட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருவது அவள் வேலை. அதற்கு முன் ஆம்பளைகள் செய்து பார்த்தார்கள். ஒருவனுக்கு விடியவே விடியாது. இன்னொருவனுக்கு வழியில் இருந்த ஊற்று வசதியாகப் போயிற்று. அவன் கொண்டுபோன பால் ஏறஏற அதிகமாகும். இவள் எடுத்த பிறகு ஒரு நாளும் பால் நின்றதில்லை. இன்று நின்றது.

காயத்ரி போனில் கூப்பிட்டாள். மாடு வைத்திருக்கும் பெண்களுக்காகப் பேசுகிறவள் அவள்தான்.

"ஏனுங்க்கா, காத்தால பாலு திரிஞ்சுதான் ஊடு வருமாட்டிருக்குது?"

"வண்டி இழுக்கலீங்க."

"கருப்பண்ணன் ஆட்டோவக் கழுவி நிறுத்தியிருக்கறானுங்க. சாயங்காலம் நீங்க வரலீன்னா அவனேதான் இனிமேலும்னு எல்லாருஞ் சொல்றாங்க. நாஞ் சொல்லலீங்க."

"வர்றேன்னு சொல்லுங்க."

கருப்பண்ணனை அவளுக்குத் தெரியும். கழுவி நிறுத்துவதற்கு மேல் அந்த ஆட்டோவை அவன் எதுவும் செய்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரகாஷின் பட்டறை. சேலத்திலிருந்து வந்து கடை போட்டவன். மலைக்காரர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவன் கொள்கை. கடை அதில்தான் நடந்தது.

"கிளட்ச் நழுவுதுங்களா?" என்றான், அவள் வாயைத் திறக்கும் முன்னே. "பொம்பளைங்க ஓட்டுனா அப்படித்தானுங்க்கா. புடிச்சுக்கிட்டே ஓட்டுவீங்க."

"நான் புடிக்கறதில்ல."

"யாருமே புடிக்கறதில்லீங்க. பிளேட்டு தானாத் தேஞ்சுக்கும்."

அவன் லீவரை ஆட்டிப் பார்த்தான். கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் முழுதாகக் கவ்வாது. இதில் வேண்டிய அளவு தொளதொளப்பு இருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டான். அணைந்திருக்க வேண்டிய இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? பிளேட்டு செட்டோட போச்சு."

"தொறக்காமயே தெரியுதா?"

"எத்தன வண்டி பாத்திருக்கறேன்!"

"எனக்கு இது ஒண்ணுதான். தொறந்து காட்டிட்டுப் புதுசு போடு, தம்பி. போன வாரம் வரைக்கும் ஏறுன வண்டி. ஒரு வாரத்துல தேயறதுக்கு அதென்ன செருப்பா?"

பிரகாஷ் அவளைப் பார்த்தான். "போன வாரம் என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஆயில் மட்டும் ஊட்டுக்காரர் மாத்துனாரு."

அவன் வண்டிக்கு அடியில் தட்டை வைத்து ஆயில் வடியும் திருகைக் கழற்றினான். ஆயில் ரசம்போல ஓடி வந்தது. இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தான். மறுபடி தொட்டான்.

"இது எந்த ஆயிலுங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். பொன்னுவேல் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். வேலையை விட எஸ்டேட்டைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். சட்டையை மாற்றிப் பவுடர் போட்டு வந்திருந்தார். மனைவியின் வண்டி நின்றுபோனதை விசாரிக்க அவ்வளவு தேவைப்பட்டது.

"ஏனுங், என்ன ஆயிலுங்க ஊத்துனீங்க?" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. ஒரு வாரமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல் இருந்தார்.

"சாதா ஆயிலுன்னு நெனச்சியா? முதலாளியோட புதுக் காருக்கு ஊத்தறது. மிச்சம் இருந்துச்சு. எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டர் எனக்குன்னு எடுத்து வெச்சுக் குடுத்தாரு. வேற யாருக்குந் தரல."

பிரகாஷ் சிரிக்க ஆரம்பித்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணா, காருல கிளட்ச்சு தனியா காய்ஞ்சு கெடக்கும். ஆயில் அதத் தொடாது. பைக்குல கிளட்ச்சே அந்த ஆயில்லதான் முங்கிக் கெடக்குது. கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருப்பான். அத ஊத்துனா பிளேட்டு எதப் புடிக்கும்?"

"ஒசந்த ஆயிலுப்பா அது."

"ஒசந்ததுதானுங். முதலாளி சட்டையும் ஒசந்ததுதான். மாட்டுக்குப் போடுவீங்களா?"

பொன்னுவேல் ராசாத்தியைப் பார்த்தார். அவள் துணை வருவாள் என்று எதற்காக நினைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

"டீக்கடையில எல்லாருக்குஞ் சொல்லியிருப்பீங்களே, இதயுஞ் சொல்லிருங்க," என்றாள். "ரைட்டருக்கும் சொல்லுங்க. அவரு வண்டிக்கும் இதையே ஊத்தச் சொல்லுங்க."

"நல்லதுன்னுதானே..."

"நல்லதுக்குத்தானுங்க எல்லாம். பெஞ்சுல உக்காருங்க. எதையுந் தொடாதீங்க."

அவர் உட்கார்ந்தார்.

பிரகாஷ் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்குகள் சரியாக இருந்தன. பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் பரப்பினான். ராசாத்தி குனிந்து பார்த்தாள். பிளேட்டில் ஒட்டிய பட்டைகள் தேயவில்லை, கனம் இருந்தது. மேலே மட்டும் கண்ணாடிபோல் மினுங்கின.

"தேஞ்சு போச்சுன்னியே, தம்பி?"

"தேயலீங்க," என்றான். கஷ்டப்பட்டுத்தான் சொன்னான்.

"எத்தன வண்டி பாத்திருக்கற?"

அவன் இரும்புப் பிளேட்டுகளை வெளிச்சத்தில் திருப்பினான். இரண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். நடுவில் மயில்கழுத்து நிறம் ஓடியிருந்தது.

"இது சூடேறிக் கருகுனதுங்க்கா. ஒரு வாரத்துல வராது. கொண்டை ஊசித் திருப்பத்துலயெல்லாம் ரெண்டு விரல லீவர் மேலயே வெச்சிருந்தா இப்படித்தான் ஆகும். ஆயில் இத இன்னைக்குக் காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்."

பெஞ்சில் ஓர் அசைவு. பொன்னுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ராசாத்தி அந்த நிறத்தைப் பார்த்தாள். பிறகு பிளேட்டைப் பேப்பரில் வைத்தாள்.

"அதுவும் ஆயிலாலதான்," என்றாள்.

"அக்கா..."

"ஆயிலாலதான். மாத்து."

கருகிய இரண்டையும் பிரகாஷ் மாற்றினான். மினுங்கிய பட்டைகளை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினான். பைக்கு ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழையது போகும்படி அதையும் வடித்து, மறுபடி ஊற்றினான். வேலை தெரிந்தவன்தான். வாய்தான் அதற்கு முன்னால் ஓடியது.

"பாரம் வெச்சு ஏத்திப் பாருங்க."

ராசாத்தி சுற்றிலும் பார்த்தாள். கேன்கள் காலி, திரிந்த பாலைப் பட்டறைக்குப் பின்னால் அவளே கொட்டியிருந்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"ஏனுங், வந்து ஏறுங்க. ரெண்டு கேன் எடை இருப்பீங்க."

சேர்வராயன் கோயில் போகும் மேட்டில் அவரை ஏற்றிக்கொண்டு போனாள். வண்டி இழுத்தது. கத்தவில்லை. முறுக்கிய அளவுக்கு முன்னால் போனது. அவர் பின்னாலிருந்து, "அந்தத் தம்பி சொன்னது... வெரலு..." என்றார்.

"காத்துல கேக்கலீங்க," என்றாள்.

கொட்டச்சேட்டில் கருப்பண்ணன் பால் அளக்கும் இடத்தை ஒட்டியே ஆட்டோவை நிறுத்தியிருந்தான். பெண்கள் தூக்குகளைக் கீழே வைக்காமல் நின்றார்கள். பைக்கின் சத்தம் கேட்டதும் காயத்ரி அளவையைக் கையில் எடுத்தாள்.

"ஏறுமாக்கா?" என்றான் கருப்பண்ணன். "நான் பின்னாடியே வர்றேன். நடுவுல நின்னா மாத்திக்கலாம், பாருங்க."

"வா. உன் ஆட்டோவும் மேட்டப் பாக்கட்டும்."

கேன்கள் நிறைந்தன. அவளோடு வந்து இறங்கியிருந்த பொன்னுவேல் பழக்கத்தில் வண்டிப் பக்கம் வந்தார்.

"இப்பப் பாலே இருக்குதுங்க," என்றாள். "நீங்க ஊட்டுக்குப் போங்க."

முதல் கொண்டை ஊசியில் திரும்பும்போது இடது கையின் இரண்டு விரல்கள் தாமாக எழுந்து லீவரின் மேல் உட்கார்ந்தன. ராசாத்தி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் கருப்பண்ணனின் ஆட்டோ மட்டும் சிறிதாகத் தெரிந்தது. வேறு யாரும் இல்லை. விரல்களை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி மடக்கினாள். அடுத்த திருப்பத்திலும் அவை எழுந்தன. மடக்கினாள்.

கடைசி மேட்டில் வண்டி மூச்சுவிடாமல் ஏறியது. பின்னால் ஆட்டோ இருமுவது கேட்டது. கருப்பண்ணன் வழி கேட்டு ஹாரன் அடித்தான்.

அவள் நடுரோட்டில் போனாள்.