தேயாத ஒன்பதாம் கிட்டார்

அந்த ஆண்டு கம்பெனி அனுப்பிய ஒன்பது புது மாடல் கிட்டார்களில் எட்டு, இனிமேல் வாசிக்கப்படப்போகிற முப்பது வருட வாசிப்பினால் தேய்ந்துபோய்ப் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இசைக்கருவிக் கடையின் முன்கூடத்தில், பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரம்மா கத்தியால் டேப்பைக் கிழித்தார். கம்பெனி முத்திரை அதுவரை கலையாமலே இருந்தது. பெட்டிக்குள் பாலிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் கருவிகளோ, கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் பட்டுப்பட்டு வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிய, முன்கை உரசும் விளிம்பு வெளுத்து, முதுகில் பெல்ட் கொக்கி இழுத்த கோடுகளோடு கிடந்தன. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகளில்கூட, கம்பிகளை அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தது. ஐந்து மாதமாக அட்டவணைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏழாவது மாடலின் தலைப்பகுதி அழகா அசிங்கமா என்று சண்டை போட்டு, அதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிருந்த கூட்டம் அது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் கொதித்தது.

"பழசைத் துடைச்சுப் புதுசுன்னு நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார் பல் டாக்டர். கடைக்காரம்மா அன்றே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஒன்பது நாளில் பதில் வந்தது. இந்த ஆண்டு மழை அதிகமாக இருந்ததால் பாலிஷ் உலர்த்தும் அறையில் மின்விசிறிகளைத் திருப்பி வைத்தோம், மற்றபடி தயாரிப்பில் எந்த மாற்றமும் செய்யவில்லை, வருங்காலத் தேய்மானத்துக்கு உத்தரவாத அட்டை பொருந்தாது என்று அதில் கண்டிருந்தது. கீழே இரண்டு கையெழுத்தும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தன.

ஆனால் அந்தப் பதில் வருவதற்குள் விஷயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. தபால் கொடுக்கும் பெண்மணி, கடைக்கு வேறொரு கடிதம் கொண்டுவந்த கையோடு, சும்மா இருக்கட்டுமே என்று மூன்றாவது மாடலை எடுத்து மடியில் வைத்தார். எப்போதோ ஒரு இரும்புக் கேட்டில் நசுங்கி அவருடைய இடது கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கழுத்தின் பின்புறம் வார்னிஷ் போன இடமும் அதே வளைவில் இருந்தது. விரல் அதில் போய் உட்கார்ந்ததும் அவர் தினமும் வாசிக்கிற அதே மெட்டைத்தான் வாசித்தார். கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. நல்ல மரம் வாசிக்க வாசிக்கத்தான் குரல் திறக்கும், அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. இங்கே ஒரு கிட்டார் முப்பது வருடம் திறந்த குரலோடு, கம்பியில் தொழிற்சாலை எண்ணெய்கூடக் காயாமல், வந்து உட்கார்ந்திருந்தது. தபால் பெண்மணி அதைக் கீழே வைக்க மறுத்துவிட்டார். மிச்சத் தபால்கள் அன்று மாலைதான் பட்டுவாடா ஆயின.

இதைப் பூதக்கண்ணாடி வைத்து உறுதி செய்தவர் மில்லிமீட்டர். மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். கிட்டாரின் கழுத்து அகலத்தையும் கம்பிகளின் உயரத்தையும் அளந்து பார்க்காமல் அவர் ஒரு கருவியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார் என்பதால் வந்த பெயர் அது. அவர் தபால் பெண்மணியின் விரலையும் கிட்டாரின் வழுக்கையையும் மாற்றி மாற்றி அளந்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். இது இவங்க தேய்க்கப்போற தேய்மானம்" என்றார். யார் வாதாடினாலும் கடைசியில் அவர் அளவுதான் நிற்கும். அதன்பிறகு கடையில் ஒரே அமளி. வரன் பார்ப்பதுபோல ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிட்டாராக எடுத்துக் கையைப் பொருத்திப் பார்த்தார்கள். பல் டாக்டருக்கு ஐந்தாவது மாடல் கச்சிதமாகப் பொருந்தியது. சங்கடம் என்னவென்றால், அதன் ஃப்ரெட்களில் மூன்றே மூன்று கார்டுகளின், அதாவது விரல் பிடிகளின், குழிகள்தான் இருந்தன. ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகள்மேலும் படுக்கவைத்து அழுத்துகிற எஃப் கார்டை அவர் ஆறு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தார். இன்னும் முப்பது வருடம் ஆனாலும் அது அவருக்கு வரப்போவதில்லை என்று இப்போது ஊருக்கே தெரிந்துபோயிற்று. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், இனி அதற்காக விரல் நோக வேண்டியதில்லை என்ற நிம்மதி வந்து, அந்த மூன்று கார்டுகளையும் யாரும் பொறாமைப்படும்படி வாசிக்கத் தொடங்கினார். ஏழாவது மாடலின் தலைப்பகுதி அசிங்கம் என்று ஐந்து மாதம் வாதாடியவருக்கு ஏழாவதுதான் பொருந்தியது. அதற்குப் பிறகு அவர் அந்தத் தலைப்பகுதியைப் பற்றிப் பேசவே இல்லை, ஒரு தடவை மட்டும் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

ஒரு மாதத்துக்குள் எட்டும் போய்விட்டன. வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கை வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் கம்பெனியை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவை போவதற்குள் மில்லிமீட்டர் எட்டையும் நான்கு நான்கு தடவை பொருத்திப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. இன்னொன்றைத் தேய்த்தவர் இடதுகைக்காரர். கம்பெனியின் எல்லா மாடல்களையும் பிறந்த தேதியோடு ஒப்பிக்கக்கூடியவர், அட்டவணைப் புத்தகத்துக்காகத் தபால் பெண்மணியின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் காத்திருந்தவர், அவருக்கு மிஞ்சியது ஒன்பதாவது மாடல். அதில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடிபோலப் பளபளத்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம்.

கூட்டம் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டது. ஆள் அதிக நாள் இருக்கமாட்டார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவர் கடைக்குள் வந்தால் கைவைத்த நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார்கள். அவர் சொல்கிற அளவுகளை மறுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள், அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது. பல் டாக்டர் காசு வாங்காமல் இரண்டு பல்லை அடைத்துவிட்டார். மில்லிமீட்டருக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. அவர் மனைவி எக்ஸ்ரே நிலையத்தில் வேலை பார்ப்பவர். பார்க்கிற ஆளையெல்லாம் எலும்பாகவே பார்த்துப் பழகியதால் எதற்கும் எளிதில் அசராதவர். அவரே கணவனைக் கூட்டிப்போய் நிற்கவைத்து நெஞ்சைப் படம் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சு நீங்க தேய்க்கிற லென்ஸ் மாதிரி சுத்தமா இருக்கு. எண்பது வயசு வரைக்கும் கேரண்டி."

"அப்புறம் ஏன் அதுல ஒரு கீறல்கூட இல்ல?"

"ஏங்க, வீட்டுல பதினோரு கிட்டார் வெச்சிருக்கீங்களே, அதுல எதுல கீறல் இருக்கு? நீங்க சாகப்போறீங்கன்னு அது சொல்லல. வாசிக்கப் போறதில்லைன்னு சொல்லுது. அது எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்."

அது உண்மை. மில்லிமீட்டர் வீட்டில் பதினோரு கிட்டார்கள் கண்ணாடி அலமாரியில், ஈரப்பதம் காட்டும் கடிகாரத்தோடு நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒன்றை வெளியே எடுப்பார். அதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவார், பெல்ட்டைக் கழற்றுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், சட்டைப் பொத்தான் படக்கூடாதென்று மடியில் மெத்தென்ற துண்டை விரிப்பார். பிறகு ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை வாசிப்பார். குரல் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தி, கம்பி கம்பியாகத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு, எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியும், உனக்கு ஒரு பாட்டு முழுசா வாசித்துக் காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் அவர் சொல்லியிருந்தார். அந்தம்மாள் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாட்டின் மூன்றாவது வரிக்காகக் காத்திருந்தார். வெறும் எரிச்சலாக ஆரம்பித்தது, நாளாக ஆக ஒரு வருத்தமாகவே தங்கிவிட்டது. கேட்டால் மனுஷன் சங்கடப்படுவாரே என்று அவர் கேட்கவில்லை.

செத்துப்போவதைவிட இது மோசமாக இருந்தது மில்லிமீட்டருக்கு. சாவு என்றால் ஊர் பரிதாபப்படும். முப்பது வருடம் ஆயுசு இருந்தும் ஒரு விரல் தடம் பதிக்காத ஆள் என்று ஒரு மரத்துண்டு சர்டிபிகேட் கொடுப்பதை எப்படித் தாங்குவது? அடுத்த சனிக்கிழமை போய் ஒன்பதாவதை வாங்கினார். "நல்லதாப் போச்சு சார், வேற யாரும் அதைத் தொடவே மாட்டேங்கிறாங்க" என்றார் கடைக்காரம்மா. வீட்டுக்கு வந்ததும், வாழ்நாளில் அவர் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தார். அலமாரிச் சாவியை எடுத்து, கிட்டாரின் முகத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இழுத்த கையோடு அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. காலையில் பார்த்தால் கோடு ஆறிப்போயிருந்தது. பூதக்கண்ணாடியிலும் தெரியவில்லை. பெல்ட் கொக்கியால் முதுகில் கீறினார், அதுவும் விடிவதற்குள் ஆறிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உப்புத்தாள்தான் வழவழப்பாயிற்று.

அவருக்கு ரோஷம் வந்தது. "உன்னைத் தேய்க்காம விடறதில்ல" என்று கிட்டாரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். சமையலறையிலிருந்த மனைவி தன்னைத்தான் சொல்கிறாரோ என்று எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தன் லென்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்ததும், கை கழுவாமல், லென்ஸ் தூள் ஒட்டிய விரலோடு, பெல்ட்டும் கடிகாரமுமாக, ஜன்னலோரத்து மர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தார். இசைக்காக அல்ல, தேய்ப்பதற்காக. ஒரு பாட்டின் இரண்டு வரியால் எதுவும் தேயாது என்பதால் மூன்றாவது வரிக்குப் போனார். அது தடுமாறியது, திரும்ப வாசித்தார். பதினேழாவது நாள் ஒரு பாட்டு, ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, ஓரிடத்திலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. மனைவி கரண்டியோடு வந்து கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எலும்பைத் தவிர எதையும் நம்பாத அந்தம்மாள் அழுதார். மில்லிமீட்டர் அதைக் கவனிக்கவில்லை, வார்னிஷ் குறைந்திருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தார். குறையவில்லை.

நான்கு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அளந்தார். ஐந்தாம் வருடம் அளக்க மறந்துபோனார். அதற்குள் அவருக்கு நாற்பத்தொரு பாட்டுகள் முழுசாக வந்திருந்தன, தேய்ப்பதற்காகத்தான் வாசிக்கிறோம் என்பதும் நினைவில் இல்லை. அலமாரியிலிருந்த பதினோரு கிட்டார்களையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஏழாம் வருடம் ஒரு சனிக்கிழமை ஒன்பதாவதைக் கடைக்கு எடுத்துவந்து வாசித்தார். தபால் பெண்மணி தன் கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்தார். மற்ற எட்டும் வந்த அன்று என்ன குரலோ அதே குரல்தான், அவற்றின் முப்பது வருடமும் பெட்டிக்குள்ளேயே முடிந்திருந்தது. இதுவோ வருடத்துக்கு வருடம் திறந்துகொண்டே வந்திருந்தது. "சார், இது இன்னும் எவ்வளவு தூரம் போகும்?" என்று தபால் பெண்மணி கேட்டார். மில்லிமீட்டர் தெரியாது என்றார். ஓர் அளவு தெரியாது என்று அவர் சொல்லி அந்தக் கடை கேட்டது அதுதான் முதல் தடவை.

கிட்டார் இன்றும் கடையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு இருக்கிறது. தேய்ந்தது வேறு. நாற்காலியின் முன்விளிம்பு உருண்டுவிட்டது. சட்டைகள் எல்லாம் வலது முன்கையில் கிழிகின்றன. அவர் குதிகாலால் தாளம் போடுகிற இடத்தில் சிமெண்ட் தரை குழிந்துவிட்டது. பதினான்காம் வருடத்தில் கூட்டம் மொத்தமும் வீட்டுக்கு வந்து, புது மாடல் இறங்கினால் எப்படிச் சுற்றி நிற்குமோ அப்படி அந்தக் குழியைச் சுற்றி நின்று, குனிந்து தடவிப் பார்த்து வியந்தது. பல் டாக்டர் செருப்பைக் கழற்றித் தன் குதிகாலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஆழம் ஒன்பது மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னார்கள். அப்போதுதான் தபால் பெண்மணி கதவு நிலையைக் காட்டினார். சமையலறையிலிருந்து வருகிற வழியில், ஒருவர் சாய்ந்து நின்றால் தோள் படுகிற உயரத்தில், பெயிண்ட் போய், அதற்கடியிலிருந்த பழைய பெயிண்டும் போய், மரம் வழவழவென்று லேசாக உள்வாங்கியிருந்தது. மில்லிமீட்டர் அதை அளந்தார். இரண்டு மில்லிமீட்டர். இரண்டாம் தடவையும் அளந்துவிட்டு, அளவுக்கருவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், தரைக் குழியைப் பூசி அடைத்துவிடவா, நிலைக்கு மக்குப் பசை வைத்துச் சமன் பண்ணிவிடவா என்று கேட்டார். "அது ரெண்டும் அப்படியே இருக்கட்டும், மத்ததெல்லாம் அடிங்க" என்றார் அந்தம்மாள். தரையைத் துடைக்கும்போது குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது, அதைத் தனியாகத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்கு அவர் வந்து உட்கார்வதற்குள் காய்ந்துவிடுகிறது.