மூக்கையாவுக்குக் கொடுத்த பெட்டி

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் முதல் வரியை ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனிக்காகத்தான் டைப் அடித்தேன். கண்டியில் அந்தக் கம்பனியின் லோயர் கந்தோரில் டைப்பிஸ்ட் நான். வருஷம் தொண்ணூற்றாறு. வடக்கில் யுத்தம், இங்கே சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். அந்த வரி: ‘மூக்கையா என்றொருவர் எமது தோட்டத்தில் ஒருபோதும் வேலை செய்யவில்லை.’ ஒரு பிழையில்லை. லோயர் ஐயா பாராட்டினார்.

2.

(வேறு தொடக்கம்: ‘மடுல்கெல்ல மலையில் பனி இறங்க...’ சீச்சீ! பனியைப் பற்றி எழுதினால் எந்தக் கம்பனியும் வழக்குப் போடாது. அதுதான் கை தானாக அந்தப் பக்கம் போகிறது.)

விஷயம் இதுதான். மூக்கையா அந்தத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவர். முகத்துக்கு மூடி கேட்டார், கொடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சடைத்துச் செத்தார். மஹய்யாவயில் என் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளியிருக்கும் செசிலியா மிஸ், தொழிலாளர் உரிமை என்று அலைகிறவர், அதை நோட்டீஸ் போட்டார். கம்பனி மானநஷ்ட வழக்குப் போட்டது. பாவம், அதற்கு மானம் போய்விட்டதாம்! மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு வாபஸ். இல்லாவிட்டால் நஷ்டஈட்டுக்கு மிஸ்ஸின் வீடு போகும்.

3.

மிஸ்ஸை வீராங்கனையாக்கப் பார்த்தேன். ‘அவர் கண்களில் கனல்...’ இல்லை. மிஸ் பயந்துபோயிருந்தார். மூக்கையாவின் பெண்சாதி அங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு துண்டுக் கடுதாசியாவது இல்லையா அங்கம்மா?”

“ஏது மிஸ்? பேர் பதியாமலே வேல வாங்குனாங்க. ஆனா பொதைக்கிற பெட்டி தோட்டந்தான் குடுத்துச்சு. தேயிலப் பெட்டிப் பலக. உள்பக்கம் தோட்டத்து முத்திரை இருந்துச்சி, நான் பாத்தேன்.”

[தோட்டத்து ஆள் செத்தால்தான் தோட்டம் பெட்டி கொடுக்கும். வெளியாளுக்கு ஓர் ஆணியும் கிடைக்காது. கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது.]

“அப்ப தோண்டித்தான்...” மிஸ் சொல்லி முடிக்காமல் அழுதுவிட்டார்.

“அழாதீங்க மிஸ். அந்த மனுசன் செத்தத தாங்கிட்டேன். அப்பிடி ஒரு ஆளே இல்லங்கிறாங்களே, அதத்தான் தாங்க முடியல. தோண்டுங்க. நானும் வர்றேன்.”

4.

கதைக்கு யோசித்த முடிவுகள்:

(அ) தோண்டுகிறார்கள். நாலு தமிழர் மண்வெட்டியோடு மலையில் நின்றால், புதைத்த ஆயுதத்தை எடுக்கிறார்கள் என்று ஆமி வராதா? வரும். வெட்டிவிட்டேன்.

(ஆ) முத்திரை அழியாமல் இருக்கிறது. மூன்று வருஷ மழைக்குப் பிறகுமா? யார் நம்புவது.

(இ) மிஸ் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கடிதத்தை நேற்றே டைப் அடித்துவிட்டேன். அதிலும் பிழையில்லை.

5.

ஒன்றை ஒளித்துவிட்டேன், மன்னியுங்கள். கம்பனி எங்கள் கந்தோருக்கு அனுப்பிய பழைய கடதாசிக் கட்டுக்குள் ஒரு துண்டு இருந்தது. தோட்டத்துக் கிளாக்கர் தச்சாசாரிக்கு எழுதியது: ‘நம் ஆள் மூக்கையாவுக்குப் பெட்டி ஒன்று.’ யாரும் வாசித்துப் பார்க்காமல் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக அது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. தேத்தண்ணி குடித்த அன்றைக்கும் இருந்தது. வேலை போகும், உள்ளே போடுவார்கள், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இங்கே ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கு. இன்று வெள்ளி. அங்கம்மா மண்வெட்டிக்கு ஆள் தேடிப் போயிருக்கிறார். நான் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மிஸ் வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவைத் தட்டவா? நீங்கள் சொல்லுங்கள். மற்றவர் சொல்வதைப் பிழையில்லாமல் அடிக்கிறவன் நான்.