நாலாவது விசில்

...இது முதல் விசில்தானா, இல்லை விசிலுக்கு முன்னால் வருகிற வெறும் சீறலா, குக்கர் புதிது, அண்ணன் வாங்கி வந்தது, இதன் குரல் இன்னும் பழகவில்லை, பழையது என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன், அதுதான் அடி கருகி, மூடியின் ரப்பர் வளையம் உருகி, பால்கனியில் கவிழ்ந்து கிடக்கிறதே... சரி, ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன். பருப்புக்கு நாலு. நாலாவதில் நான் இரும வேண்டும், அம்மா அடுப்பை அணைக்க வேண்டும், அண்ணனுக்குத் தெரியக் கூடாது, காலையிலேயே அம்மாவின் காதில் சொல்லி வைத்திருக்கிறேன், அதற்கு அவள், "நான் என்ன திருடவா போறேன், நீ இருமி சிக்னல் குடுக்க?" என்று சிரித்தாள், சிரிக்கிற நேரமா இது? அண்ணன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறான், நடு நடுவே சமையலறைக் கூரையில் வரைபடம் போல் இருக்கும் மஞ்சள் கறையைப் பார்க்கிறான், போன மாதம் வால்வு பிய்த்துக்கொண்டு பருப்பு முழுக்க மேலே போன கறை. கெட்டவன் இல்லை அவன், அன்று போனில் அழுதான். ஆனால் நேற்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான், "மூணு தடவ கருகியாச்சு. இன்னொரு தடவன்னா வீடே இருக்காது. நாளைக்கு மத்தியானம் ஒரு வேளை, என் கண்ணு முன்னாடி ஒழுங்கா சமைக்கட்டும். இல்லன்னா அடுப்ப நான் எடுத்துட்டுப் போயிடுவேன், வேளாவேளைக்கு டப்பால சாப்பாடு வரும், அம்மா கைய கழுவிட்டு சாப்பிட்டா போதும்." அம்மா படுக்கும்போது என்னிடம் மட்டும் கேட்டாள், "அடுப்ப எடுத்துட்டா நான் எதுக்குடி எந்திரிக்கணும்?"

ரெண்டு. விரலை மடக்கிக்கொண்டேன். உள்ளே கரண்டிகள் உரசுகிற சத்தம், உப்புக்குத் தனிக் கரண்டி, அதை மட்டும் ஆணியில் மாட்டுவாள், இன்னமும் சரியாக அதே ஆணியில்தான் மாட்டுகிறாள், மறதிக்காரி அப்படி மாட்டுவாளா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை... ஞாபகத்தைச் சோதிக்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் அவர், தொண்ணூற்று மூன்றிலேயே அம்மா நின்றுவிட்டாள், "கணக்கெல்லாம் அவருதான், டாக்டர்" என்றாள், டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார், நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். கணக்கெல்லாம் அவருதான். இதே நாற்காலி, விரித்த பேப்பருக்குப் பின்னால் அப்பா, உள்ளேயிருந்து அம்மா, "ஏங்க, எத்தனை ஆச்சு?", பேப்பர் அசையாமல், "மூணு. இன்னும் ஒண்ணு பாக்கி, பறக்காத." தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகு ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார், டிங், டிங், அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்பை அணைப்பாள், அவர் போய், ஸ்பூன் நின்று ஏழு மாதம்... கருகியது எப்போதெல்லாம்? ஒரு செவ்வாய், இரண்டு வியாழன், நான் லேபில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறைகூடக் கருகியதில்லை, ஏன் கருகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாயில் பிரஷ்ஷோடு, ஈரத் தலையோடு, எங்கிருந்தோ "ரெண்டும்மா" என்று கத்தியிருக்கிறேன், கத்தியதே எனக்குத் தெரியாமல். அப்படியென்றால் அவள் மறக்கவே இல்லை, முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவள் எண்ணியதில்லை, எண்ணாததை எப்படி மறக்க முடியும், இதை இப்போதே அண்ணனிடம் சொல்ல வேண்டும், ஆனால் இவனுக்குப் புரியுமா, பத்து வயதிலிருந்து ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டவன், அடுக்களைச் சத்தமே இல்லாமல் வளர்ந்தவன்...

விரல் பிரிந்திருந்தது. நடுவில் ஒன்று வந்ததா? வந்த மாதிரியும் இருந்தது, நினைவுக்குள் அடித்த விசில் மாதிரியும் இருந்தது. இப்போது இருமுவதா, அடுத்ததற்கு இருமுவதா, நானே தப்பவிட்டேன், இரண்டு நல்ல காதுகளை வைத்துக்கொண்டு நானே...

"ஏங்க, எத்தனை ஆச்சு?"

அம்மாவின் குரல்தான். இந்தக் கேள்விதான் நான் சொல்ல நினைத்ததற்கெல்லாம் சாட்சி, அதே வாயால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள், ஏங்க என்று யாரைக் கூப்பிடுகிறாள்? பழக்கத்திலா, அல்லது அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டாளா? அண்ணனின் கட்டைவிரல் போன்மேல் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, கறையையும் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மூணு," என்றான். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஒண்ணு இருக்கு."

"ம்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குக்கரின் வெயிட் மெல்ல ஆடத் தொடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அடுத்ததை இவன் சொல்வானோ நான் சொல்வேனோ, யாராவது சொல்லிவிடுவோம், இன்றைக்குக் கருகாது... இவனுக்குச் சாயங்காலம் பஸ், நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு லேப், பதினொரு மணிக்கு அவள் பருப்பை வைத்துவிட்டு இந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்பாள்.