இறால் பொரித்த எண்ணெய்

தம்பி அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறான் என்பதே பெரிய விஷயம். இரண்டு மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. எல்லாம் அக்காவின் வாயால் வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்னதுமே, "அவ நம்ம வீட்டுக்கு ஒத்துவரமாட்டா" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். பெண்ணைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சொன்னாள், அதுதான் இதில் அழகு. இன்று அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறான். "நாளைக்கும் ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்க்கா" என்று முந்தின நாளே ஃபோன் செய்து சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன்தான். பிடிவாதத்தில் அக்காவுக்குத் தப்பாமல் பிறந்த தம்பி.

அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு வந்த பதில் சுஷி ரோல். அதிலும் சும்மா இல்லை, கேஜன் என்கிற அமெரிக்க மசாலாவில் பொரித்ததை உள்ளே வைத்துச் சுருட்ட வேண்டுமாம். பெயரைக் கேட்டு மிரண்டுபோன அக்கா, மசாலா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மிளகாய், மிளகு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, ஏதோ காய்ந்த இலை. அட, இவ்வளவுதானா என்று தைரியம் வந்தது.

"அவளுக்கு இறால் ஆகாது, அலர்ஜி. மறந்துடாத" என்று தம்பி இரண்டு தடவை சொல்லியிருந்தான். இறாலே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் தம்பிக்கு இறால் என்றால் உயிர். ஆகவே அவனுக்கு இறால், அவளுக்குக் காளான் என்று முடிவு செய்தாள்.

ஆரம்பம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. புது எண்ணெயில் முதலில் காளானைப் பொரித்துத் தனித் தட்டில் மூடி வைத்தாள். பிறகு அதே எண்ணெயில் இறால். வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சாதத்தை விசிறி ஆற்றி, கடற்பாசித் தாளில் பரப்பி, மூங்கில் பாயில் வைத்துச் சுருட்டப் போனபோதுதான் சோதனை தொடங்கியது. முதல் ரோல் வயிறு வெடித்தது. இரண்டாவதும் அப்படியே.

"பாய் போட்டு சாதத்தைத் தூங்க வச்சா அது எப்படி எழுந்திரிக்கும்?" என்றார் அவள் கணவர்.

"நீங்க போய் தட்டைத் துடைங்க."

இறால் ரோல் ஒருவழியாகத் தேறியது. காளான் மூடியைத் திறந்தால், அத்தனையும் வேர்த்துச் சொதசொதவென்று கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. பொரியல் நமுத்தால் மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பது அவள் கைக்கு வழக்கம். காளானை அள்ளிய கை வாணலிக்கு மேலே ஒரு கணம் நின்றது. இறால் பொரித்த எண்ணெய் ஆயிற்றே என்று நினைக்கத்தான் செய்தாள். எண்ணெய்தானே, இறாலையா தின்னப் போகிறாள்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டதற்கெல்லாம் அலர்ஜி. போட்டுவிட்டாள். காளான் மொறுமொறுவென்று ஆனது. அதையும் அவசரமாகச் சுருட்டி வெட்டித் தட்டில் அடுக்கினாள்.

வந்த பெண் நல்ல மாதிரியாக இருந்தாள். உட்கார்ந்ததும், "இவ்வளவு மெல்லிசா வெட்டியிருக்கீங்களேக்கா, எனக்குக் கத்தியில ஒட்டிக்கும்" என்றாள். கத்தியை நனைத்து நனைத்து வெட்ட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். தம்பியின் முகம் கொஞ்சம் இளகியது. அக்காவுக்குப் பெற்ற வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது.

"இறால் சாப்பிட்டா என்னம்மா ஆகும்? அரிக்குமா?" என்று கேட்டார் கணவர்.

"அரிப்போட விட்டா பரவாயில்லையே மாமா. ஸ்கூல்ல படிக்கறப்போ உருளைக்கிழங்கு வறுவல்தான் சாப்பிட்டேன். இறால் பொரிச்ச எண்ணெயில போட்டிருக்காங்க. தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடுச்சு." சொல்லிக்கொண்டே காளான் ரோல் ஒன்றைக் குச்சியால் எடுத்தாள்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இரும்மா, அது சரியா வரல. உப்பு ஜாஸ்தி. வேற பண்ணித் தரேன்."

"நல்லாத்தான் இருக்கும்க்கா, விடுங்க." ரோல் உதட்டருகே போய்விட்டது.

"வாயில வைக்காத!"

கத்திய கத்தலில் ரோல் நழுவி மேஜையில் விழுந்தது. தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அவளை ஒரு வாய் சாப்பிட விடக்கூட உனக்கு மனசு வரலையா?"

"இறால் பொரிச்ச எண்ணெயிலதாண்டா இதையும் போட்டேன்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, கெஞ்சுகிற குரலில் கேட்டான்: "மறந்துட்டியாக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் மன்னித்துவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் எதிரே அந்தப் பெண் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மறக்கல. ஞாபகம் இருந்துச்சு. வெறும் எண்ணெய்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு போட்டேன்."

"கிளம்பு, போலாம்" என்றான் தம்பி.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து தடித்த பேனா மாதிரி ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"இது ஊசி. எனக்கு மூச்சு திணறினா மூடியைக் கழட்டித் தொடையில குத்தணும், துணிக்கு மேலயே. இவரை நம்ப முடியாதுக்கா, ஊசியைப் பாத்தாலே விழுந்துடுவாரு."

"எனக்கு எதுக்கும்மா இது? நான் போய்..."

"நான் இந்த வீட்டுல சாப்பிடணும்னா நீங்க கத்துக்கணும். எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா நீங்க பொய் சொல்லல. மூடியோடயே வச்சு அழுத்திப் பாருங்க. பத்து எண்ணணும்."

அக்கா அவள் பக்கத்தில் மண்டியிட்டு, மூடியோடு அதைத் தொடையில் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐந்தில் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. தம்பி இன்னும் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"நிறுத்தாதீங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "இன்னும் அஞ்சு இருக்கு."