துரைராஜ் பக்கத்தில் ஓர் இடம்

சுசானா செத்து இரண்டு நாள் ஆகியும் அவளுக்குக் குழி கிடைக்கவில்லை.

கிணத்துக்கடவு நார் மில்லில் தேங்காய் மட்டை அள்ளிக் கொட்டும் வேலை அவளுக்கும் அவள் புருஷன் மனோகர் டோப்போவுக்கும். ஜார்க்கண்ட்காரர்கள். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் போய்விட்டாள். மில் ஷெட்டில், வாடகைக் குளிர்பெட்டிக்குள் கிடந்தாள்.

ஆராதனை மணி அடிப்பதற்கு முன்பே மனோகர் கோயில் வாசலில் சபைச் செயலர் எபநேசர் முன்னால் கைகூப்பி நின்றான்.

"லிஸ்டுல உன் பேரே இல்லியேப்பா. சந்தா கட்டுனவங்களுக்குத்தான் கல்லறை."

"மாசா மாசம் போட்டேன் சார்."

"எதுல போட்டே?"

"காணிக்கைப் பை வரும்ல சார். அதுல."

எபநேசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட என்றா நீ! சந்தாக் கவர்ல பேரெழுதிக் குடுக்கோணும். பையில போட்டா கர்த்தருக்குத் தெரியும். எனக்கெப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல பேர் எழுத மாட்டோம் சார்."

"சரி, எழுதியிருந்தாலும் எடம் இல்லை. கல்லறைத் தோட்டம் ரொம்பிப் போச்சு. ஒரே ஒரு எடம் கெடக்குது, அது நம்ம டீச்சர் அவங்களுக்குன்னு வாங்கிப் போட்டது. ஊர் மயானத்துலயும் வெளியூர்க்காரங்கன்னு ஒத்துக்கலை. மின்மயானத்துக்குக் கொண்டு போயிரு. வண்டி நான் சொல்றேன்."

"வேண்டாம் சார். அவளுக்கு நெருப்புன்னா பயம்."

மகன் ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிய டீச்சர் ரூத் மரகதத்தின் காதில் அத்தனையும் விழுந்தது. அவள் எதுவும் கேளாதவள்போல் உள்ளே போனாள்.

போகாமல் என்ன செய்வாள்? ஈரலில் கட்டி. கிறிஸ்துமஸ் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்துக்கு முன் கணவர் துரைராஜை அடக்கம் செய்த அன்றே, வளையலை விற்றுப் பக்கத்து இடத்தைத் தனக்கென்று வாங்கியவள் அவள். சனிக்கிழமைதோறும் போய் அந்த வெறும் மண்ணில் களை பிடுங்குவாள், தன் படுக்கையைத் தானே தட்டிப் போடுவதுபோல. வியாதி தெரிந்த பிறகு அவளைத் தூங்க வைத்தது அந்த ஆறடி மண்தான்.

அன்று அவளுக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்காரர்கள் பீடத்துக்கு முன்னே போய் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து ஜெபம் வாங்குவது சபை வழக்கம். இதுதான் கடைசிப் பிறந்தநாள் என்று தெரிந்து ஆல்வின் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். கவரில் அவள் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பை பெஞ்சு பெஞ்சாகப் போனது. மரகதம் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

கடைசி பெஞ்சில் மனோகர் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தான். பை வந்ததும் சட்டைப்பையில் துழாவி, மடித்த நோட்டை எடுத்து உள்ளே போட்டான். இன்றைக்கும்.

"பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் முன்னே வாங்க" என்றார் சபைப் போதகரான ஐயர்.

மரகதம் கவரைத் தட்டில் வைத்தாள். ஐயர் குனிந்து, "விசேஷமா ஜெபிக்கணுமா டீச்சர்?" என்றார்.

அவள் கவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்ற கல்லறை எடத்தை அந்தச் சுசானா புள்ளைக்குக் குடுத்துட்டேனுங்க ஐயா. இன்னிக்கே வெச்சிருங்க."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எபநேசர் எழுந்தே விட்டார்.

வெளியே வந்ததும் ஆல்வின் வெடித்தான். "உனக்குக் கிறுக்கா அம்மா? யாரோ எவளோ! நாளைக்கு உன்னை எங்க கொண்டு போய் வெப்பேன்?"

"கோயமுத்தூர்ல எங்கியாச்சும் எடம் இருக்கும், கண்ணு."

"அப்பா பக்கத்துலதான் வெக்கோணும்னு என்ற கையில சத்தியம் வாங்குனது யாரு? நீதானே?"

"நாந்தான்."

"இப்ப நான் என்ன பண்றது?"

அவள் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க நடந்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. கல்லறைத் தோட்டத்து ஆள் நஞ்சப்பன் குழியை வெட்டி முடித்திருந்தான். மரகதம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். இடப்பக்கத்து மண் சரிந்து, துரைராஜின் சவப்பெட்டிப் பலகை ஒரு சாண் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. இத்தனை கிட்டவா? கையை நீட்டினால் எட்டும்.

"அந்தப் பக்கம் மண்ணு ஒதுங்கிப் போச்சுங்க டீச்சர். அப்பி வுட்டர்றேன்" என்று நஞ்சப்பன் மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி மூடினான்.

சுசானாவைக் கயிற்றில் இறக்கினார்கள். மனோகர் ஓடி வந்து மரகதத்தின் காலைத் தொடக் குனிந்தான். அவள் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"போப்பா. போய் உன்ற பொஞ்சாதிக்கு மண்ணு போடு."

ஐயர் பக்கத்தில் வந்து நின்றார். "பெரிய காணிக்கை டீச்சர். கர்த்தர் ஏத்துக்குவாரு."

மரகதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மனசு குளுந்து குடுக்கோணும்னு வருஷா வருஷம் பிரசங்கம் பண்றீங்களே ஐயா. எனக்குக் குளுரலீங்க. வயிறு எரியுது. திருப்பிக் கேட்டா என்னன்னு இப்பக்கூடத் தோணுது. அந்தப் பையனைக் கண்டாலே ஆகலை. இப்படிக் குடுத்தது செல்லுமுங்களா?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

குழிக்குள் முதல் மண் விழுந்தது. ஆல்வின் வரவில்லை. கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்து, யாரிடமோ போனில் கல்லறை இடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

மரகதம் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.