விளக்குக் கம்பத்தில் புதுப் பெயின்ட்

துறைமுகத்தில் அவளுக்குப் பெயர் பூச்சி மேடம். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பூச்சி. வெளிநாட்டிலிருந்து மரமோ செடியோ ஏற்றிவரும் எந்தக் கப்பலானாலும், கரையைத் தொடுவதற்கு முன் அவளோ அவளுடைய அலுவலகத்தில் இன்னொருவரோ ஏறிப் பார்த்து, அந்நியப் பூச்சியும் களைவிதையும் இல்லை என்று பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை ஒரு கட்டையும் இறங்காது, ஒரு ஆளும் இறங்க முடியாது. பதினாறு வருடமாக இதே பிழைப்பு. தொப்பிக்குள் கிழங்கை ஒளித்துக்கொண்டு வந்த சீமாட்டிகளையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை காலை முறை அவளுடையது இல்லை, கண்ணாடிக்காரருடையது. அவர் பக்கத்து மேசைக்காரர். மூக்கிலிருந்து கண்ணாடி நழுவிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். மூன்று நாள் முன்பே அவரிடம் போய், "சார், வியாழக்கிழமை மரக்கப்பலுக்கு நான் போறேன், நீங்க என் சனிக்கிழமைய எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "வீட்டுக்காரர ஏணியிலயே போய்க் கூட்டிட்டு வரப்போறீங்களாக்கும். போங்க, போங்க. நான் ஒண்ணும் கேக்கல."

அந்தக் கப்பலில்தான் அவள் புருஷன் வருகிறான். பதினான்கு மாதம் ஆயிற்று. ஒப்பந்தம் இந்தத் துறைமுகத்தோடு முடிகிறது. பச்சைச் சீட்டு கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கரையில் நின்று காத்திருந்தால் சாயங்காலம் பார்க்கலாம், ஏறிப்போனால் காலையிலேயே பார்க்கலாம். அந்த ஏழெட்டு மணி நேரத்துக்காகத்தான் முறையை மாற்றிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் இதென்ன அவசரம் என்று கேட்பவர்கள் பதினான்கு மாதம் தனியாகப் படுத்துப் பார்க்கட்டும்.

வீட்டில் எல்லாம் தயார். அலமாரியில் அவன் துணி வைக்கும் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள். குளியலறையில் அவன் விட்டுப்போன சவரக்கத்திக்குப் புது பிளேடு மாட்டியாயிற்று. மகள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குக் குடிபோய்விட்டாள். பதினோரு வயசுக்கு அதற்கு அவ்வளவு விவரம்.

அவன் ஆதியில் கப்பல்காரன் இல்லை. ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். நாலாயிரம் தொட்டி. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் அவனே எண் எழுதியிருப்பான். இடதுகைக்காரன், தூரிகையை மேலிருந்து கீழே இழுத்து, முடிக்கும்போது வலப்பக்கமாக ஒரு சின்னத் திருகு திருகுவான். ஒன்று என்று எழுதினால்கூட வால் முளைத்திருக்கும். அவள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஓர் அதிகாரி ஒரு கப்பலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதில் வந்தது ஒரு அந்துப்பூச்சியின் முட்டை. சில மாதத்திலேயே தெருவில் ஒரு மரத்துக்கும் இலை இல்லை. கம்பளிப்புழுவின் முடி காற்றில் பறந்து, பிள்ளைகள் எல்லாம் சொறிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். செடி விற்கவே தடை வந்தது. பண்ணையின் நாலாயிரம் தொட்டியையும் எரிக்கச் சொல்லி உத்தரவு. உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இவள், தொட்டிகளைத் தூக்கிக் கொடுத்தது அவன். அதற்குப் பிறகுதான் அவன் கப்பலில் தளத்தைக் கழுவவும் பெயின்ட் அடிக்கவும் போனான். கப்பலில் இன்றைக்கும் அவனுக்கு நர்சரி என்றுதான் பெயராம்.

முதல் விடுமுறையில் ஆசை ஆசையாக ஒரு பால்மாவு டின்னில் ஏதோ நீலப்பூச் செடி கொண்டுவந்தான். துறைமுக வாசலிலேயே வாங்கி எரி உலைக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இருந்ததே முப்பது நாள், அதில் இரண்டு அப்படிப் போயிற்று.

படகிலிருந்து கயிற்றேணியில் ஏறி அவள் தளத்தில் கால் வைத்தபோது, கேப்டனும் துணை அதிகாரியும் நின்றார்கள். நாலடி பின்னால், கையில் துணியோடு, அவன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்நெற்றி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இடது காதோரம் சாம்பல் நிறப் பெயின்ட் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை தன்னால் எழுந்தது. கையுறை போட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. பைக்குள் விட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

"மேடம், வழி காட்ட இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் கேப்டன். அவருக்கு விஷயம் தெரியும். நல்ல மனுஷன்.

இருவரும் முன்பக்கம் நடந்தார்கள். அவள் கேட்டாள், "சாப்பிட்டீங்களா?" அவன், "ம். நீ?" என்றான். பதினான்கு மாதம் சேர்த்து வைத்த பேச்சு இவ்வளவுதானா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. "பாப்பா ரூம் மாத்திட்டா" என்றாள். அவன் குனிந்து சிரித்தான்.

மரக்கட்டைகள் சுத்தமாக இருந்தன. பட்டை உரித்தவை, புகை போட்ட முத்திரை சரியாக இருந்தது. பிறகு வழக்கம்போல விளக்குகள். அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வரும், விளக்கடியில் முட்டையிடும். அதனால் குச்சி முனையில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு விளக்கின் பின்புறமும் பார்ப்பார்கள். நான்காவது விளக்குக் கம்பத்தின் பின்னால் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. கப்பல் என்றால் எங்கேயாவது பெயின்ட் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு நாணய அளவுக்கு லேசான மேடு. துருவின் மேல் அடித்தாலும் அப்படித்தான் இருக்கும். கண்ணாடிக்காரர் வந்திருந்தால் அடுத்த விளக்குக்குப் போயிருப்பார், யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

அவள் போகவில்லை. தூரிகை இழுப்பு மேலிருந்து கீழே வந்து, முடியும் இடத்தில் வலப்பக்கமாக ஒரு சின்னத் திருகு திருகியிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க இது?"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"முட்ட பதினோரு எடத்துல இருந்துச்சு" என்றான் மெதுவாக. "நேத்துதான் பாத்தேன். சொன்னா கப்பல கிட்டயே விட மாட்டாங்க. தொட்டிச் செடியில செதில் பூச்சி வந்தா எண்ணெயத் தடவி மூச்சு முட்ட வெப்போம்ல, அது மாதிரி... பெயின்ட் ரெண்டு கோட்டு அடிச்சேன். செத்துருக்கும்மா. கண்டிப்பா செத்துருக்கும்."

நாற்றுப் பண்ணைக்காரனுக்குத்தான் அப்படித் தோன்றும். வேறு எந்தக் கப்பல்காரனுக்கும் அந்த யோசனையே வந்திருக்காது. அவள் சுரண்டும் கத்தியை எடுத்து மேட்டைக் கீறினாள். பெயின்ட் தோலாக உரிந்துவந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி முட்டைக் கூட்டம், ஈரம்கூடப் படாமல். பூதக்கண்ணாடியில் வைத்து ஊசியால் ஒரு முட்டையைக் குத்தினாள். உடைந்தது. உள்ளே கருத்த தலையோடு சுருண்டிருந்த புழு அசைந்தது.

கண்ணாடியை அவனிடம் நீட்டினாள். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சுரண்டி எடுத்துடுவோம்" என்றான். "நீயும் நானும். ஒரு மணி நேரம். யாருக்குத் தெரியப்போவுது?"

"பதினொண்ணுதான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா? கட்டைக்கு அடியில? நங்கூரச் சங்கிலி அறையில?"

அவன் கட்டை அடுக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு உள்ள விடலைன்னா கம்பெனி காத்திருக்காது" என்றான் கடைசியில். "அடுத்த நாட்டுக்குத் திருப்பிடுவாங்க. என் எடத்துக்கு மாத்து ஆள் அங்க வர நாலு மாசம் ஆவும். நாலு மாசம்." பிறகு, கேட்டும் கேட்காத குரலில், "உன்னப் பாக்கணும்னுதான் செஞ்சேன்" என்றான்.

அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேல் வந்தது. சனிக்கிழமையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்நேரம் கண்ணாடிக்காரர் பச்சைச் சீட்டைக் கொடுத்திருப்பார். சாயங்காலம் இவன் வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பான். பேனாவை எடுத்தால் போதும், இப்போதும் முடியும். இவளும் அவசரத்தில் இருக்கும் ஒரு அதிகாரிதானே. அந்தச் சனிக்கிழமைக்காரருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருப்பார்கள் என்று முதல்முறையாக நினைத்தாள். எட்டு வருடமாக அவரைத் திட்டாத நாளில்லை.

"நம்ம தொட்டிய நீங்க ஒவ்வொண்ணா தூக்கிக் குடுத்தீங்க" என்றாள். "நெனவிருக்கா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. பிறகு அவள் பையிலிருந்து, மாதிரி போட்டு வைக்கும் சாராயக் குப்பியை அவனே எடுத்து, மூடியைத் திறந்து, அவள் சுரண்டச் சுரண்டக் கம்பத்தின் அடியில் பிடித்துக்கொண்டான். பண்ணையில் விதைப் பொட்டலம் பிடித்த அதே மாதிரி, ஒன்றுகூடக் கீழே சிந்தவிடாமல். பெயின்ட் அடித்த மற்றப் பத்து இடத்தையும் அவனே காட்டினான். அவன் காட்டாத இரண்டு இடம், சங்கிலி அறைக் கதவின் பின்னால் கிடைத்தது.

கேப்டன் செய்தி கேட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "மேடம், வேற வழியே இல்லையா?" என்றார். அவர் அவளைப் பார்த்துக் கேட்டாலும் கண் அவன் பக்கம் போய் வந்தது.

"இல்ல சார்."

கப்பலைத் திருப்பி அனுப்பும் சிவப்புச் சீட்டில் மாதிரி எடுத்தவர் என்று ஒரு கட்டம், சாட்சி என்று ஒரு கட்டம். சாட்சி போடத் துணை அதிகாரி பேனாவைத் தேடினார். "நான் போடுறேன் சார், நான்தான் கூட இருந்தேன்" என்று அவன் முன்னால் வந்தான். இடது கையால் எழுதினான். கடைசி எழுத்தில் வால் முளைத்தது.

ஏணிக்குப் போகும் வழியில் அவள் தன் சுரண்டும் கத்தியை அவனிடம் கொடுத்தாள். "பெயின்ட் அடிக்காதீங்க. சுரண்டுங்க. சுரண்டி எரிச்சிடுங்க."

"சரி."

"உடம்பப் பாத்துக்குங்க."

"ம். பாப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. படகுக்காரன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். அவள் இறங்கினாள்.

படகு கரையை நெருங்குவதற்குள் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவ்வளவு தூரத்தில் தளத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

அலுவலகத்தில் குப்பியைச் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் சிவப்புச் சீட்டை வாங்கிப் படித்தார். சாட்சியின் பெயர் வந்ததும் கண்ணாடி நழுவியது. அவர் ஏற்றிவிட்டுக்கொள்ளவில்லை.

"நான் போயிருந்தா பெயின்ட்டுன்னு விட்டிருப்பேம்மா" என்றார்.

"தெரியும் சார்."

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், தெருமுனை வரைக்கும் பார்த்தாள்.

"அப்பா கப்பல் வரலியா?"

"வந்துச்சு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

எட்டு வருடத்துக்கு முன் மொட்டையாகி வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை வாசலில்தான் இருந்தது. அம்மாவும் மகளும் அதில் உட்கார்ந்தார்கள். பூச்சியா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றாள். அந்த வீட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிறகு மகள், "எப்படிம்மா இருந்தாரு?" என்றாள்.

"மெலிஞ்சிருக்காரு. காதோரம் பெயின்ட் ஒட்டியிருந்துச்சு."

"தொடச்சு விட்டியா?"

"இல்ல" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.